ஹனோரா வீட்டு மோர்

அயர்லாந்தின் லிமெரிக் பக்கம், 1896 மே மாதம், டீசி வீட்டு அடுக்களையில் கூடியவர்கள் நால்வர். கணப்படுப்பின் வலப்புறம், அங்கிருந்த ஒரே நாற்காலியில் தலைவர் பார்ட்லி கில்ஃபாயில். எதிரே பெஞ்சில் நெட் ஷாக்னெஸியும் வீட்டுக்காரர் மோரிஸ் டீசியும். ஜன்னலோர மேஜையருகே முக்காலியில் செயலாளரான நான். மோரிஸின் மனைவி ஹனோரா உட்காரவில்லை; கதவருகே நின்று வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள்.

எங்கள் ஊருக்கு வரப்போகும் கூட்டுறவு வெண்ணெய் ஆலைக்கு விதிகள் எழுதி டப்ளினுக்கு அனுப்ப வேண்டும். உறுப்பினர்கள் பால் முழுவதையும் ஆலைக்கே ஊற்ற வேண்டும் என்பது தலைவர் கொண்டுவந்த முதல் விதி.

"முழுசுமா?" என்றாள் ஹனோரா. "அப்ப எம் புள்ளைங்க கிழங்கோட எதைக் குடிக்கும்?"

"ஆடை எடுத்த பால் திரும்பி வரும்ல," என்றார் பார்ட்லி.

"அது கன்னுக்குட்டிக்கு. பக்கத்து ஊர்ல ஆலை வந்துச்சு, வீட்ல கடையறது நின்னுச்சு, மோர் போச்சு. எந்நேரமும் ரொட்டியும் வரட்டு டீயும்தான். புள்ளைங்க மூஞ்சி சாம்பல் பூத்துக் கெடக்கு. வீட்டுக்கு ஒரு மாட்டுப் பால் வீட்லயே நிக்கணும். எழுதுங்க."

"எல்லாரும் நல்ல மாட்டை நிறுத்திக்குவாங்க," என்றார் பார்ட்லி. "மோரிஸு, உன் வீட்ல தலைவர் யாருப்பா?"

"அண்ணே, இங்க நான் உறுப்பினர்கூட இல்ல," என்றார் மோரிஸ். நெட் சிரித்துவிட்டார்.

கறவை நேரம் நெருங்க, பார்ட்லி தொப்பியை எடுத்தார். ஹனோரா கடைகோலை அவர் பக்கம் சாய்த்தாள். கடையும் வீட்டுக்கு வந்தவர் கோலைத் தொடாமல் போனால் வெண்ணெயும் கூடவே போய்விடும். எங்கள் பக்கம் அந்தப் பழியை யாரும் ஏற்கமாட்டார்கள். அவர் கடைந்தார். நெட்டும் நானும் கடைந்தோம். வெண்ணெய் திரளவில்லை.

"ஏம்மா, பாலாடை ஐஸா இருக்கே!" என்றார் பார்ட்லி. "வெந்நீர் ஊத்தக் கூடாதா?"

"ஊத்தலாம். கெட்டில் கொதிக்குது. நீங்க எழுதுங்க, நான் ஊத்தறேன்."

"நான் போறேன்."

"போங்க. தலைவர் கை பட்டுத்தான் வெண்ணெய் திரளலேன்னு ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல சொல்றேன். அப்புறம் உங்க ஆலைக்கு யாரு பால் ஊத்துவாங்கன்னு பாக்கலாம்."

பார்ட்லி நின்றார்.

"என் மாடுங்க கத்துதும்மா!"

"எம் புள்ளைங்களும் கத்தும்."

அவர் என்னைப் பார்த்தார். "எழுதுப்பா. வீட்டுக்கு ஒரு மாடு. ஆனா எந்த மாடுன்னு வருசத் தொடக்கத்துலயே சொல்லிடணும். நடுவுல மாத்தக் கூடாது."

"சரிதான்," என்றாள் ஹனோரா, கெட்டிலைத் தூக்கியபடி.

நான் அந்த விதியை எழுதி, இருமுறை படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, உறையில் அரக்கு வைத்தேன். போகிற வழியில் தபால் வண்டியில் சேர்ப்பதாக நெட் கை நீட்டினார். ஹனோரா சால்வையைப் போர்த்திக்கொண்டு உறையைத் தானே வாங்கிக்கொண்டாள். சாலையில் வண்டியை மறித்து, கடிதம் பைக்குள் விழுவதைப் பார்த்த பிறகே ஒதுங்கி வழிவிட்டாள்.