காத்து எடுத்த துணி

என் புத்தியைச் செருப்பாலதான் அடிக்கணும். துணியைப் பையில போட்டுக் காத்தை உறிஞ்சி அடைச்சு வச்சா எவ்வளவு நல்லதுன்னு தம்பி வீட்டுல வாய் ஓயாம பேசினது வேற யாரும் இல்ல, நானேதான்.

கம்பளித் துணி தைக்கிற கம்பெனியில, பேக்கிங் பிரிவுல எனக்கு வேலை. ஸ்வெட்டரை மடிச்சு, பிளாஸ்டிக் பையில போட்டு, மெஷின்ல காத்தை இழுத்து, வாயை ஒட்டணும். தலையணை கனத்துக்கு இருந்தது பலகையா ஆயிடும்.

புருஷன் விட்டுட்டுப் போனதுல இருந்து தம்பி வீட்டுலதான் இருக்கேன். பின்னாடி அறை என்னுது. அதுல ஒரு கட்டில், சுவரை அடைச்சு ஒரு அலமாரி. அந்த அலமாரி மேல தம்பி பொண்டாட்டிக்கு எப்பவும் ஒரு கண்ணு. வீட்ல இடமே இல்லன்னு அவ புலம்பினப்ப, நானே வலியப் போய்ப் பை வாங்கிட்டு வந்தேன். பூச்சி அரிக்காது, தூசி படியாது, நல்லா காய வச்சுப் போட்டா பூஞ்சையும் பிடிக்காது, பாதி இடம் மிச்சம்னு அளந்து விட்டேன். அவ வாயைப் பொளந்துக்கிட்டு கேட்டா. எனக்குத் தலைகால் புரியல. அந்த வீட்டுல என் பேச்சை யாரு அப்படிக் காது குடுத்துக் கேட்டிருக்காங்க?

அவங்க போர்வை, குளிர்காலத் துணியெல்லாம் முடிச்சப்புறம், "அண்ணி, உங்களோடதையும் போட்டுடலாமே"ன்னு அவ சொன்னா. பை மேல முழங்காலை ஊனி அமுக்கினது நான்தான். என் துணிமணி, கம்பளி, போர்வை மொத்தமும் நாலே பையில அடங்கிடுச்சு. அலமாரி சும்மா கிடக்குதேன்னு அடுத்த வாரமே கழட்டி வித்தாங்க. அந்த இடத்துக்குப் பிள்ளை படிக்க மேஜை வந்துச்சு. மேஜை வந்ததும் கட்டில் இடிக்குதுன்னாங்க. கூடத்துல தரையில படுத்தேன். அப்பவும் இந்த மரமண்டைக்கு உறைக்கல.

நேத்து வேலை முடிஞ்சு வந்தா, நாலு பையும் ஒரு பெட்டிக்குள்ள, பெட்டி கூடத்து நடுவுல. என் கம்பெனிக்குப் பக்கத்துல பெண்கள் விடுதி ஒண்ணு பாத்திருக்கானாம் தம்பி. போக வர அலைச்சல் இருக்காதாம். எல்லாம் என் நல்லதுக்குத்தானாம்.

என் முகத்தைப் பாக்காமலேயே சொன்னான்: "எல்லாம் ஒரே பெட்டியில அடங்கிடுச்சு பாருக்கா. எடுத்துட்டுப் போக எவ்வளவு சுலபம்."

கத்திரிக்கோலை எடுத்து நாலு பையையும் கிழிச்சேன். காத்து உள்ள போகப் போக கம்பளியும் போர்வையும் உப்பிக்கிட்டு பெட்டிக்கு வெளிய வழிஞ்சது. மூடியை அழுத்திக் காட்டினேன். மூடல.

"இப்ப அனுப்புடா பாக்கலாம்."

தம்பி அந்தத் துணியையே பாத்துக்கிட்டு நின்னான். கண்ணு கலங்கின மாதிரிகூட இருந்துச்சு. போகாதக்கான்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு சத்தியமா நம்பினேன். உள்ளே போனான். இன்னொரு பெட்டியை எடுத்துட்டு வந்து, பக்கத்துல திறந்து வச்சான்.