அரைக்கால் சுற்று

ஆர்வில் இறந்த பத்தொன்பதாவது நாள் மதியம், அவனுடைய தம்பி ரோய்ஸ் கையில் வேட்டைத் துப்பாக்கியோடு கராஜ் வாசலில் வந்து நின்றான். நாலு வருஷமாக அந்த வாசலை மிதிக்காதவன். தன் ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவே பாய்ந்த ஆர்வில்லின் நாயை ஓநாய் என்று நினைத்துச் சுட்டுவிட்ட நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரிக்கும் அவன் வரவில்லை. அடக்கத்தன்று கடைசி வரிசையில் நின்றான். பெட்டியைக் குழிக்குள் இறக்குவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஆர்வில்லின் மனைவி லெனோரா அவனைப் பார்த்தாள். கோபம் வருமென்று சற்றே காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தை யாரோ தொடுவதுபோலத்தான் இந்த நாட்களில் எல்லாமே இருந்தது.

"அண்ணி, சனிக்கிழமை எல்க் மான் வேட்டை சீசன் ஆரம்பிக்குது. ஹெலினா டவுன் வரைக்கும் போய்ப் பாத்துட்டேன், எந்தக் கடையிலயும் தோட்டா இல்ல. ஆர்வில்லோட காலி உறை ஏதாவது கிடந்தா..."

"இருக்கு. அறுபது."

"வேணாம்னா வேணாம். சும்மாதான் கேட்டேன்."

"உள்ள வந்து கதவைச் சாத்து. குளிருது."

சுட்டுத் தீர்ந்த பித்தளை உறைகளைச் சேர்த்து வைத்து, மறுபடி வெடிமருந்தும் குண்டும் அடைத்துக்கொள்வது அந்த வீட்டில் முப்பது வருஷப் பழக்கம். மருந்து நிறுப்பது ஆர்வில். வெடித்து உப்பிய உறையை அச்சுக்குள் அழுத்தி மறுபடி அளவுக்குக் கொண்டுவருவது லெனோரா. இப்போதும் அவள் கை தானாகவே வேலையைத் தொடங்கியது. விரலில் மெழுகைத் தொட்டு உறைமேல் மெல்லத் தடவினாள். அதை அழுத்துப்பொறியில் நிமிர்த்தி வைத்து, கைப்பிடியை இறக்கினாள். உறை அச்சுக்குள் போயிற்று. ஏற்றியதும் வெளியே வந்தது. அதன் அடியிலிருந்த பழைய பிரைமர், வெடித்துத் தீர்ந்த சின்னப் பொட்டு மூடி, கழன்று தட்டில் விழுந்தது.

மெழுகைத் துடைத்து நீட்டினாள். ரோய்ஸ் அதைத் தன் துப்பாக்கிக்குள் போட்டு, அதை மூடும் தாழான போல்ட்டைத் தள்ளினான். அது பாதியில் நின்றது.

"ஏறல அண்ணி."

"ஏறாது. அது ஆர்வில் துப்பாக்கிக்குள்ள வெடிச்சு, அந்தத் துப்பாக்கி அளவுக்கு ஏத்த மாதிரி உப்பினது. அவர் துப்பாக்கிக்குப் போதுமேன்னு அச்சை மேலாக்க வச்சிருக்காரு. உன்னுதுக்கு இன்னும் கீழ இறக்கணும்."

அச்சின் வளையத்தில் ஒரு சின்ன திருகு. யாரும் கை வைக்கக்கூடாதென்று ஆர்வில் அதன்மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு விட்டிருந்தான். அவளுடைய சிவப்பு நகப்பூச்சு. அவள் பேனாக்கத்தியை எடுத்து அதைச் சுரண்டினாள்.

"வேணாம் அண்ணி. அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும். நான் எங்கயாச்சும் தேடிக்கிறேன்."

"அவருக்கு இனிமே எதுக்கு?" மணி என்ன என்று கேட்டவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

திருகைத் தளர்த்தி அச்சை அரைக்கால் சுற்று இறக்கினாள். அடுத்த உறையை அழுத்திக் கொடுத்தாள். போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. ரோய்ஸ் அதைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பிறகு துப்பாக்கியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்தான்.

"கடைசியில என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

"இல்ல."

பொய் சொல்லியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு வேண்டிய தெம்பைத்தான் எங்கே தேடுவதென்று தெரியவில்லை.

ரோய்ஸ் தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதான். ஐம்பத்தெட்டு வயது ஆள், தோள் குலுங்கக் குலுங்க. அவள் மெழுகு தடவினாள், இறக்கினாள், ஏற்றினாள், துடைத்தாள். தட்டில் பிரைமர்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. நாற்பதோ என்னவோ ஆகியிருக்கும், அப்போதுதான் அவளுக்கு ஒன்று ஞாபகம் வந்தது.

"நாயைப் பத்திச் சொன்னாரு."

தொப்பி இறங்கியது. "என்ன சொன்னான்?"

"அது ஆட்டைத் துரத்துற நாய்னு தெரிஞ்சும் கட்டிப் போடாம விட்டுட்டேன், தப்பு என் மேலதான்னாரு. அந்தக் கடைசி வாரம்."

"அதை என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கிட்ட எப்படிச் சொல்லுவாரு? நீதான் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலியே. அவரும் ஃபோனை எடுக்கல. ஒரே கழுதைக்குப் பொறந்த ரெண்டு கழுதைங்க."

ரோய்ஸுக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே மறுபடி அழுகையாகிவிட்டது. அவன் மூக்கைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பழந்துணியை எடுத்து வீசினாள். மெழுகுத் துணி. அவன் மூக்கெல்லாம் பளபளத்தது.

அறுபதையும் முடித்துப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தாள். "மருந்து போடுறது என் வேலையில்ல. அதை உன் வீட்டுல நீயே பாத்துக்க."

"சனிக்கிழமை வேட்டைக்கு வர்றீங்களா?"

"பாக்கலாம்."

போனாள். வீட்டில் இருப்பதும் மலையில் இருப்பதும் அவளுக்கு ஒன்றாகத்தான் இருந்தது. விடிந்து ஒரு மணி நேரத்தில் ரோய்ஸ் ஒரு பெண் எல்க்கைச் சுட்டு வீழ்த்தினான். இருவரும் வயிற்றைக் கிழித்து, கால்களைப் பிரித்து, மூன்று நடையாக வண்டிக்குச் சுமந்தார்கள். ஈரலை ரொட்டிப் பையில் போட்டு அவளிடம் கொடுத்தான். ஆர்வில்லுக்கு ஈரல் ஆகாது. அதனால் வீட்டில் அதை ஒருநாளும் சமைத்ததில்லை.

அன்று மதியம் வெங்காயம் அரிந்து, வெண்ணெயில் வதக்கி, ஈரலைப் பொரித்தாள். அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இன்னொரு துண்டைப் போட்டுக்கொண்டாள்.