அட்டைப் பியானோ

இங்கிலீஷ் சங்கீதத்துக்கு நாலு கோடு போதும் என்று கொடைக்கானலில் ஒருவர் முடிவு செய்தார். அவர் மிஷன் பள்ளிக்கூடத்து அட்டெண்டர் அருளப்பன். 1978-இல் ஒரு லீவு நாளில் எல்லா வகுப்புக் கரும்பலகைகளுக்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்தவர், சங்கீத அறைப் பலகையில் சுரம் எழுத வெள்ளை எனாமலில் போட்டு வைத்திருந்த கோடுகளையும் சேர்த்து அடித்துத் தீர்த்துவிட்டார். திரும்பப் போட வேண்டியிருந்தது. எத்தனை கோடு என்று சங்கீதம் சொல்லித்தரும் உபகாரம் டீச்சரிடம் கேட்க வெட்கம். மகள் செல்வமேரியின் இங்கிலீஷ் நோட்டைப் புரட்டினார். நாலு கோடு. வெள்ளைக்காரன் எழுத்துக்கு நாலென்றால் அவன் பாட்டுக்கு மட்டும் கூடவா போட்டிருக்கப் போகிறான்? நூல் பிடித்து, பிசிறில்லாமல் போட்டு வைத்தார்.

சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்.

"அருளப்பன், அஞ்சு கோடு வேணுங்க."

"ஒண்ணு குறைஞ்சா பாடாதுங்களா டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். செல்வமேரி மட்டும் குனிந்துகொண்டாள். அவளுக்குப் பத்து வயது. அட்டெண்டர் அப்பா வகுப்பில் நின்று பேசினால் எந்தப் பிள்ளையும் குனியத்தான் செய்யும். அருளப்பன் ஸ்டூலில் ஏறி ஐந்தாவது கோட்டை இழுத்தார். அப்போதுதான் அதைப் பார்த்தார்.

மற்றப் பிள்ளைகள் பாடம் எழுதி முடித்து, ஒவ்வொருவராகப் போய்ப் பியானோவில் உட்கார்ந்தார்கள். செல்வமேரி போகவில்லை. அவள் மடியில் ஒரு அட்டை இருந்தது. அதில் கறுப்பும் வெள்ளையுமாகப் பியானோக் கட்டைகள் வரையப்பட்டிருந்தன. அதன்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். சத்தமே வரவில்லை. கோடு கொஞ்சம் கோணிவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் கோயிலில் வாசிப்பாள் என்று பங்குச் சாமியாரிடமும், டீக்கடையிலும், பூம்பாறை பஸ் கண்டக்டரிடமும் அவர் சொல்லி வைத்திருந்தார். கேட்காதவர்களிடமும் சொல்லியிருந்தார். "அனுப்பி வைங்க, நான் சொல்லித்தர்றேன்" என்று போன வருஷம் டீச்சரே வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளை அது.

வீட்டில் விசாரணை நடந்தது.

"ஏம்மேரி, உன்னை ஏன் பியானோவுல உக்கார விடல?"

"எனக்கு இன்னும் தியரி முடியலப்பா."

"மத்த புள்ளைகளுக்கு முடிஞ்சிருச்சா?"

"அவங்க எனக்குப் பின்னாடி இருக்காங்க."

பின்னால் இருப்பவர்கள் பியானோவிலும் முன்னால் இருப்பவள் அட்டையிலும் இருப்பது என்ன நியாயம் என்று அருளப்பனுக்குப் பிடிபடவில்லை.

"கை அழுக்கா இருந்திருக்குமோ?" என்றாள் மனைவி கித்தேரியம்மாள்.

"நாந்தான சோப்புப் போட்டுத் தேச்சுவிட்டேன்."

"அப்ப டீச்சருக்கு ஏதோ கெடக்கு மனசுல. நாலு கோடு போட்ட ஆளோட பொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க."

"கோடு போன வாரந்தானடி போட்டேன். அட்டை பழைய அட்டை. ஓரமெல்லாம் நைஞ்சு கெடக்கு."

அடுத்த நாள் பூம்பாறைப் பூண்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். பூண்டை வாங்கிக்கொண்ட டீச்சர், "பார்ப்போம் அருளப்பன்" என்றார். மறுவாரம் கவுஞ்சியில் விளைந்த உருளைக்கிழங்கோடு போனார். அதற்கும் "பார்ப்போம்"தான். முட்டைக்கோஸ் கொண்டு போனாலும் அதே பதில்தான் வரும் என்று தெரிந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு உளவு பார்க்கத் தொடங்கினார். சனிக்கிழமை தோறும் சங்கீத அறை ஜன்னலை வெளியே நின்று துடைத்தார். ஒரே ஒரு கண்ணாடியைத்தான். துடைக்கத் துடைக்க மூடுபனி வந்து அப்பியது. மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் அவர் மூச்சே மீதியை மறைத்தது. இந்தத் தொழிலுக்குத் தான் லாயக்கில்லை என்று அவருக்கே பட்டது. இருந்தாலும் பார்த்தார்.

டீச்சர் பியானோவில் எதையோ வாசிக்கிறார். செல்வமேரி அதைக் கேட்டு ஐந்து கோட்டுத் தாளில் புள்ளி புள்ளியாக எழுதுகிறாள். தாளை வாங்கி ஒரு திருத்தமும் போடாமல் டீச்சர் தன் பையில் வைத்துக்கொள்கிறார். நடைபாதையில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கிறார். பள்ளிக்கூட மேனேஜர் என்றால் செல்வமேரியைப் பின்பெஞ்சுக்கு அனுப்பிவிடுகிறார்.

"எழுதினதையெல்லாம் எதுக்கு வீட்டுக்குக் கொண்டு போறாங்க?" என்றாள் கித்தேரியம்மாள். "ஒளிச்சுல்ல வைக்கிறாங்க."

"தியரின்னு ஒண்ணு உண்மையிலேயே இருக்கா, இல்ல சில புள்ளைகள உக்கார வைக்க இவங்களாக் கண்டுபிடிச்சதான்னே தெரியல."

"எங்கிட்டப் பேசி என்ன சோலி? வெரசாப் போயி அவங்ககிட்டயே கேளுங்க."

மறு சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு அருளப்பன் உள்ளே போனார். கையில் பூண்டில்லை, கிழங்கில்லை, துடைக்கிற துணிகூட இல்லை.

"டீச்சர், எம்மக எப்ப அந்தப் பியானோவுல உக்காருவா? பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க. ஒரு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அதுவும் ஜன்னல் வழியா."

"தெரியும்" என்றார் டீச்சர். "ஒரு கண்ணாடி மட்டும் பளபளன்னு இருக்கே."

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "உக்காருங்க" என்றார். அந்த அறையில் அருளப்பன் உட்கார்ந்ததே கிடையாது. பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார். முட்டி நெஞ்சில் இடித்தது.

"மேனேஜர் போன வருஷமே சொல்லிட்டாரு. அட்டெண்டர் மக கை வச்ச பியானோவுல எங்க புள்ளைக வாசிக்கணுமான்னு ரெண்டு வீட்டுக்காரங்க கேட்டாங்களாம். அவளத் தொடவிடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு. சொல்லிக்குடுக்கக் கூடாதுன்னு சொல்லல. அதனால தொடாம என்னென்ன கத்துக்க முடியுமோ அத்தனையும் கத்துக்குடுத்துட்டேன். அவ எழுதின தாளெல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு. இங்க வச்சா யார் புள்ளையோடதுன்னு கேப்பாங்க."

அருளப்பன் கேலியாக ஏதாவது சொல்லத் தேடினார். கிடைக்கவில்லை.

"மேரிக்குத் தெரியுமா?"

"தெரியும். அப்பாகிட்டச் சொல்லாதீங்கன்னு அவதான் கேட்டுக்கிட்டா. நீங்க மேனேஜர்ட்ட சண்டைக்குப் போயிருவீங்களாம், வேலை போயிருமாம். அதச் சாக்கா வச்சு நானும் இத்தன நாளும் மழுப்பிட்டேன். எனக்கும் பயந்தான்."

"அப்ப எப்பத்தான் டீச்சர் வாசிப்பா?"

உபகாரம் டீச்சர் அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இந்தப் பியானோவுல வாசிக்கவே மாட்டா அருளப்பன். அவளுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட இங்க வாசிக்கிற எந்தப் புள்ளைக்கும் தெரியாது. ஆனா இங்க வாசிக்க மாட்டா. வேற எடம் பாருங்க."