கிணுங்கிய வால்வு

ஆம்ப்ளிஃபயரின் பின்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே குட்டி பல்புகள் போல எரிந்துகொண்டிருந்த கண்ணாடி வால்வுகளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் தட்டிப் பார்த்தான் தம்பி. வால்வுப் பைத்தியங்கள் எல்லாரும் செய்கிற சோதனைதான். தட்டும்போது ஸ்பீக்கர் கப்சிப்பென்று இருக்க வேண்டும். கிணுங்கினால் அந்த வால்வு தேறாது.

முதல் வால்வு 'கிணீங்' என்றது.

"மாட்டினியா!" என்றான்.

அன்று அக்காவின் முதல் ஒலிப்பதிவு. பத்து வருஷமாக இந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியில்தான் கிட்டார் வாசிக்கிறாள். எங்கோ ஒரு சின்ன அரங்கில் கேட்டுவிட்டு, "இந்தச் சத்தம் எனக்கு வேணும்மா" என்று ஒலிப்பதிவுக்காரர் தானாகவே வந்து அழைத்திருந்தார். அப்படிப்பட்ட நாளில் பெட்டி கிணுங்கலாமா? அவள் குளித்துவிட்டு வருவதற்குள், தான் சேர்த்து வைத்திருந்ததிலேயே உசத்தியான வால்வைச் செருகினான். பழையதை முன்னமே துணியால் பிடித்து இழுத்துக் குப்பைக்கூடையில் விட்டெறிந்திருந்தான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

ஸ்டுடியோவில் நாலு வரி வாசித்ததும் அக்கா நிறுத்தினாள். சுருதி பார்த்தாள். மறுபடி வாசித்தாள். மறுபடி நிறுத்தினாள்.

"டேய் சயின்டிஸ்ட், இதுல கைய வச்சியா?"

"வால்வு மாத்தினேன்கா. சூப்பரா இருக்குல்ல? இரைச்சலே இல்ல பாரு!"

"சுத்தமாத்தான் இருக்கு. ஆனா நான் கைய எடுத்தப்புறம் வால் மாதிரி ஒண்ணு இழுத்துக்கிட்டு வருமே, அது எங்கடா?"

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஸ்பீக்கரின் அதிர்வில் அந்த வால்வு தானும் சேர்ந்து மெல்லக் கிணுங்கும். அந்தக் கிணுங்கல் அடங்கும்வரை காத்திருந்துதான் அக்கா அடுத்த வரிக்குப் போவாள். பத்து வருஷமாக அவள் விரல்களுக்கு அதுதான் கணக்கு. இப்போது அந்த இடைவெளிகளில் எதுவுமே இல்லை.

"பழசு எங்க தம்பி?" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

"இதோ, எடுத்துட்டு வந்துடறேன் சார்!"

வீட்டுக்கு ஓடினான். கூடையின் அடியில் கிடந்தது. கண்ணாடியில் மயிரிழை விரிசல். உச்சியில் வெள்ளியாய் மின்னிய பூச்சு பால்வெள்ளையாகியிருந்தது. காற்றே இருக்கக் கூடாத குழலுக்குள் காற்று போயாச்சு. இனி அது வெறும் கண்ணாடி.

கையிருப்பில் இருந்த நாலு வால்வுகளை அள்ளிக்கொண்டு திரும்பினான். எல்லாம் ஒரே நம்பர். ஆனால் மாட்டிப் பார்த்தால், ஒன்று பளிச்சென்று காதைக் குத்தியது. ஒன்று அடித்தொண்டையில் பேசியது. மூன்றாவதுக்குத் தூக்கம் இன்னும் கலையவில்லை. நாலாவது நன்றாகவே இருந்தது, வேறு யாருடைய கிட்டாரோ போல.

"போதும்டா. எதையாவது ஒண்ண மாட்டு" என்றாள் அக்கா.

ஆறு பாட்டையும் வாசித்து முடித்தாள். காத்திருக்க எதுவும் இல்லாததால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நாற்பது நிமிஷம் வர வேண்டியது முப்பத்தொன்றில் முடிந்தது. ஒலிப்பதிவுக்காரர் கருவிகளை அணைத்துவிட்டு, "நல்லா வந்திருக்கும்மா" என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

பாட்டுகள் வெளியான பிறகு, கேட்டவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். "சவுண்டு கண்ணாடி மாதிரி இருக்கே! பெட்டிய யாரு பாத்துக்கறா?" என்று ஒருவர் அவன் எதிரிலேயே கேட்டார்.

"எல்லாம் என் தம்பிதான்" என்றாள் அக்கா, அவன் தோளில் கை போட்டு.

அதில் ஒரு குத்தலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை.