பின் சக்கரத்துக் கட்டை

"லோரிய வித்துடும்மா" என்று மகள் ரூபினி கோலாலம்பூரிலிருந்து மூன்று மாதமாகப் பல்லவி பாடிக்கொண்டிருந்தாள். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அதை யார் ஓட்டுவது என்பது அவள் கேள்வி. பவளத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதா? ஒரு நடை தனியா போயிட்டு வந்து சொல்றேன்."

ஓட்டத் தெரியும்தான். கல்யாணமான புதிதில், எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய இதே லோரியில்தான் புருஷன் சுப்பன் அவளைப் பழக்கினான். கிளட்சை இரண்டு தடவை மிதித்தால்தான் கியர் விழும். கைப்பிரேக் பேருக்குத்தான் இருந்தது. எஸ்டேட் கழித்துவிட்டபோது லோரியை வாங்கிய மகராசன், கைப்பிரேக்கைக் கடைசிவரை சரிசெய்யவில்லை. மேட்டில் நிற்க நேர்ந்தால் கட்டையோடு குதித்து, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, லோரிப் பலகையில் இரண்டு தட்டு தட்டுவான். அதன் பிறகுதான் அவள் பிரேக்கிலிருந்து காலை எடுப்பாள். வண்டி நகர்ந்ததும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து தொற்றிக்கொள்வான். அறுபது வயதிலும் ஓடிவந்தான், கிறுக்கு மனுசன்.

இன்று கோலா தெர்லா மேட்டில், முட்டைக்கோஸ் பாரத்தோடு பாதி ஏறியபோது எதிரே ஒரு வேன் வந்தது. பவளம் ஒதுங்கி நின்றாள். பிரேக்கை மிதித்தபடி அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தாள். வேன்காரன் கையசைத்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகும் காத்திருந்தாள்.

கட்டை பக்கத்து சீட்டில் கிடந்ததைப் பார்த்ததும்தான் உறைத்தது. காலை எடுத்தால் லோரி பின்னால் உருளும், பின்னால் பள்ளம். கட்டையில்லாமல் மேட்டில் வண்டி எடுக்க அவள் பழகியதே இல்லை. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது.

அவ்வழியே வந்த சாப்பாட்டுக் கடை சேக் தாவூத் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"என்னா பவளம், லோரி ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"இல்ல பாய். இந்தக் கட்டைய எடுத்துப் பின் டயருக்கு வைங்க. வச்சிட்டு ரெண்டு தட்டு தட்டுங்க."

தட்டினார். லோரி முனகிக்கொண்டு ஏறிவிட்டது.

சமதரைக்கு வந்ததும் பவளம் பழக்கத்தில் எட்டி இடப்பக்கக் கதவைத் திறந்துவைத்தாள். யாரும் ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். பாய் தன் வழியே போயிருந்தார். கட்டை மட்டும் நடுரோட்டில் கிடந்தது. இறங்கி நடந்துபோய் அதை எடுத்துவந்து சீட்டில் வைத்துவிட்டு ரூபினிக்குப் போன் செய்தாள்.

"ஓட்டிட்டேன்டி. ஆளு பாரு, வித்துடலாம்."

"ஏம்மா, பயந்துட்டியா?"

"பயம்லாம் இல்ல. மேட்டுல ஏறுனா, ஓடிவர ஆள் இல்ல."