பின்னங்கால் வேஷம்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது. பல் டாக்டர் க்ளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருப்பேன். வாய் "அடுத்தது நீங்கதான், உள்ள போங்க" என்று சொல்லும். மனசு மட்டும் இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஊர் மண்டபத்தில் போடுகிற சிரிப்புக் கூத்துக்கு எந்த நாடகம் என்று தெருத்தெருவாக அலையும். எங்கள் ஊர் ஹார்ஸ்டன் நாடகக் குழுவில் பதினாலு வருஷமாக நாடகம் தேர்ந்தெடுப்பது நான்தான். ஆள் எடுக்கும் நாளில் பேசிக் காட்டுவதற்குப் பிள்ளைகளுக்குத் தனிநடிப்புத் துண்டுகள் தேடிக் கொடுப்பதும் நான்தான். மேடை ஓரத்தில் திரைக்குப் பின்னால் நாற்காலி போட்டு, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரி மறந்தவர்களுக்கு அடியெடுத்துக் கொடுப்பதும் நான்தான். வேறு யாருக்கும் இந்த வேலைகளில் ஆசை இல்லை என்பது வேறு விஷயம்.

நாடகம் தேர்ந்தெடுப்பது என்றால் நல்ல கதையாகப் பார்த்து எடுப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதையாவது, கத்தரிக்காயாவது! இருபத்து மூன்று பிள்ளைகள் வந்தால் இருபத்து மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு வரியாவது இருக்க வேண்டும். பனி கொட்டிப் பாதிப்பேர் வராமல் போனாலும் மீதிப்பேரை வைத்து ஒப்பேற்ற முடிய வேண்டும். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற க்ளைவுக்குப் பாவாடை கட்டிக் கிழவி வேஷம் போட இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாடு வேண்டும்.

எங்கள் குழுவுக்குச் சொந்தமாக ஒரு மாட்டு வேஷம் உண்டு. முன்னங்கால்களுக்கு ஓர் ஆள், பின்னங்கால்களுக்கு ஓர் ஆள். கண் சிமிட்டும், வால் சுழற்றும். ஊர் ஜனம் வருவதே அதைப் பார்க்கத்தான். ஒரு வருஷம் கடலுக்கடியில் நடக்கிற கதையில்கூட மாட்டை நுழைத்திருக்கிறோம், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மாட்டின் பின்னங்கால் என் மகள் ஐரிஸ். பதினோரு வயதில் உள்ளே குனிந்தவள், ஏழு வருஷமாக நிமிரவில்லை.

அதற்குக் காரணம் நான். முதல் வருஷம் அவள் ஆள் எடுக்கும் நாளில் நன்றாகத்தான் பேசினாள். உடைகள் தைக்கிற பெவர்லி வாயில் குண்டூசியோடு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா நாடகத்தை எடுக்கிறா, மக நடிக்கிறா. அப்ப நாங்கெல்லாம் எதுக்கு, பொத்தான் தைக்கவா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கே ஐரிஸின் பெயரை மாட்டுக்கு நேராக எழுதினேன். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். நான் மூடினேன், பெற்ற பெண்ணை மாட்டுக்குள் போட்டு மூடினேன்.

இந்த வருஷம் ஐரிஸுக்குப் பதினெட்டு முடிகிறது. எங்கள் பிள்ளைகள் குழுவில் அதுதான் கடைசி வயது. ஜனவரியில் அவள் ஸ்காட்லாந்துக்குப் போகிறாள், மீன் பண்ணையில் வேலை. ஒரு நாள் காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இந்தத் தடவை எனக்கும் ஒரு துண்டு தேடிக் குடேன். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தேடுறியே, அந்த மாதிரி."

"என்னடி திடீர்னு?"

"நான் போறதுக்குள்ள ஒரு தடவை நீ என்னைப் பாக்கணும். நல்லா இல்லேன்னா இல்லேன்னு சொல்லு. ஆனா பாத்துட்டுச் சொல்லு."

"தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"நீ மாட்டைப் பாத்திருக்க," என்றாள். ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் ஓர் இடத்தில் நிற்கவில்லை. க்ளினிக் மேஜைக்கு அடியில் வைத்துப் பழைய தொகுப்புகளையெல்லாம் புரட்டினேன். மற்ற பிள்ளைகளுக்கு எடுப்பது எனக்குக் கை வந்த கலை. திக்கித் திக்கிப் பேசுகிறவனுக்குக் கோபக்காரன் துண்டு, வாயாடிக்குப் பாதி நேரம் மௌனமாக நிற்கிற துண்டு. என் மகளுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. அதுவே எனக்கு அவமானமாக இருந்தது. கடைசியில் ஒன்று அகப்பட்டது. படகுத்துறையில் அப்பாவின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, வராத படகைத் திட்டிக்கொண்டு நிற்கிற ஒரு பெண். அழமாட்டாள், திட்டுவாள். தாளின் தலையில் பென்சிலால் ஐரிஸ் என்று எழுதினேன்.

நூலக மாடியில் கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் நான், க்ளைவ், பெவர்லி, ஒரு தட்டு பிஸ்கட். நான் கொண்டுபோன மூன்று நாடகங்களில் கடிகாரக்காரன் மகள் கதையை எடுத்தோம். உறைந்துபோன ஊர்க் கடிகாரத்தை ஒரு பெண் ஓட வைக்கிற கதை. அந்தப் பெண்ணாக நடிக்க நல்ல ஆள் வேண்டும்.

"மாடு எங்க வருது?" என்றார் க்ளைவ்.

"கடிகாரத்தை இழுக்க வருது," என்றேன்.

"அப்ப சரி. எழுதிக்கோங்க."

பெவர்லி என் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தாள். படகுத்துறைத் தாளில் அவள் விரல் நின்றது. தலையில் இருந்த பெயரைப் படித்தாள். "ஓ," என்றாள். அவ்வளவுதான். பிஸ்கட்டை டீயில் தோய்த்தாள்.

ஒரே ஓர் எழுத்து. அதற்கு நான் நடுங்கிப்போனேன். வீட்டுக்கு வருகிற பஸ்ஸிலேயே ரப்பரை எடுத்துப் பெயரைத் தேய்த்து அழித்துவிட்டு, ஜெம்மா என்று எழுதினேன். ஜெம்மாவும் நல்ல பிள்ளைதான், குரலும் உண்டு. எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆள் எடுக்கும் நாளில் ஐரிஸ் சீக்கிரமே வந்து, கோப்பை என்னிடம் வாங்கி, துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்தாள். கடைசியாகக் கோப்பு காலியாக இருப்பதைப் பார்த்தாள். தலையில் ரப்பர் தேய்த்த கறை இருந்த ஜெம்மாவின் தாளை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"அழுத்தி எழுதியிருக்கம்மா," என்றாள். "தேய்ச்சாலும் தடம் நல்லாத் தெரியுது."

"ஐரிஸ், நான் சொல்றதைக் கேளு..."

"வேணாம்மா." என் கையிலிருந்த பேனாவை எடுத்து, பட்டியலில் மாடு, பின்னங்கால் என்ற இடத்தில் அவளே தன் பெயரை எழுதினாள். அதற்குப் பிறகு டிசம்பர் வரைக்கும் வீட்டில் உப்பு, பஸ், மழை தவிர வேறு எதைப் பற்றியும் அவள் என்னிடம் பேசவில்லை.

எங்கள் கூத்தில் ஒரு வழக்கம். இந்த மாதிரிக் கூத்து எந்த ஊரில் நடந்தாலும் அப்படித்தான். நாடகத்தின் கடைசி இரண்டு வரிகளை ஒத்திகையில் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் நாடகம் குப்புற விழும். முதல் காட்சியன்று ஜனங்களுக்கு முன்னால்தான் அது முதல் தடவை காதில் விழ வேண்டும். அதனால் என் புத்தகத்திலும் அந்த இடம் வெறும் தாள். எங்கள் குழுவில் அந்த இரண்டு வரியையும் க்ளைவ்தான் எழுதுவார், எதுகை மோனையோடு, நகராட்சியைக் கிண்டல் பண்ணி. முதல் காட்சியின் இடைவேளையில் துண்டுச் சீட்டாகக் கொடுப்பார். முதல் நாள் சொன்னதை அப்புறம் மாற்றக் கூடாது. சொல்வது யார் என்றால், அந்த வருஷம் பதினெட்டு முடிந்து போகிற பிள்ளை. ஒன்றுக்கு மேல் இருந்தால் திருவுளச்சீட்டு. இந்த வருஷம் ஒரே ஆள்தான். ஏழு வருஷத்தில் ஐரிஸுக்கு மேடையில் கிடைத்த முதல் பேச்சு அது. அதையும் நான் கொடுக்கவில்லை, வழக்கம் கொடுத்தது.

முதல் காட்சி. மண்டபம் நிறைந்திருந்தது. நான் ஓரத்தில் சின்ன விளக்குக்கு அடியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்துக்கொண்டு போனேன். கடிகாரக்காரன் மகளாக ஜெம்மா நன்றாகச் செய்தாள். க்ளைவ் வழக்கம்போல் இரண்டு பக்கத்தைத் தாண்டிக் குதித்தார், இழுத்துக்கொண்டு வந்தேன். கடிகாரம் ஓடியது, மணி அடித்தது, எல்லோரும் வரிசையாக நின்றார்கள். ஐரிஸ் மாட்டிலிருந்து வெளியே வந்தாள். இடுப்புக்குக் கீழே மாடு, மேலே வேர்த்து வடிகிற என் பெண்.

அவள் உடனே பேசவில்லை.

மேடையில் யாராவது பேசாமல் நின்றால் என் கண் தானாகத் தாளுக்குப் போய்விடும், பதினாலு வருஷப் பழக்கம். போயிற்று. அங்கே வெறும் தாள். பக்கத்தைத் திருப்பினேன், மறுபடி திருப்பினேன். இல்லாத வரியை விரலால் தேடிக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது.

"பின்னங்காலாவே வளர்ந்தேன் ஏழு வருஷம்,
முன்னே வந்து நிக்கிறேன், பாரம்மா, ஒரே நிமிஷம்!"

மண்டபம் கைதட்டிச் சிரித்தது. நான் தலையைத் தூக்கினேன். திரை விழுந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் ஒரே களேபரம். "என் ரெண்டு வரி என்னாச்சு?" என்று க்ளைவ் பாவாடையோடு வந்து நின்றார். "குப்பை வண்டியையும் மேயரையும் எவ்வளவு அழகா சேத்திருந்தேன்! முதல் நாள் சொல்லியாச்சு, இனி ஆறு காட்சிக்கும் இதையேதான் சொல்லித் தொலைக்கணும்!"

நான் ஐரிஸைத் தேடிப் போனேன். மாட்டுத் தோலை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பாத்துத்தானே சொன்ன?" என்றேன்.

"ஆமா. உன் வகிடு நல்லாத் தெரிஞ்சுது."

நான் தோலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"புத்தகத்துல என்னம்மா தேடின?"

"வரியை."

"அது அங்க இருக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் மதியக் காட்சி. நான் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பெவர்லியின் மடியில் வைத்தேன்.

"இன்னைக்கு நீ அடியெடுத்துக் குடு. நான் கீழ உக்காந்து பாக்கப் போறேன்."

"காய்ச்சல்லகூட விடமாட்டியே! என்னாச்சு உனக்கு?"

ஏழு வருஷம் அடைத்துவைத்தது பொங்கிவிட்டது. "உன் வாய்க்குப் பயந்து என் பொண்ணை ஏழு வருஷம் மாட்டுக்குள்ள வச்சிருந்தேன் பெவர்லி. அம்மா எடுக்கிறா, மக நடிக்கிறான்னு சொன்னியே, அதுக்குப் பயந்து."

அவள் உண்மையாகவே யோசித்தாள். "நானா சொன்னேன்? எப்போ?"

"பொத்தான் தைக்கவான்னு கேட்டியே!"

"ஹெதர், நான் ஒரு நாளைக்கு நூறு சொல்றவ. அதையெல்லாம் போய் யாராவது வச்சுக்குவாங்களா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ நடிக்க ஆசைப்பட்டாளா? அவளுக்கு மாடா இருக்கத்தான் பிடிக்கும்னுல்ல நாங்க நினைச்சோம்," என்றாள்.

அவளை அறையலாம் போல இருந்தது. என்னையும்தான்.

நாலாவது வரிசையில் மிட்டாய் தின்கிற ஒரு குடும்பத்துக்கு நடுவில் உட்கார்ந்தேன். கையில் புத்தகம் இல்லாமல் விரல்களை என்ன செய்வது என்று தெரியவில்லை. அப்புறம் மாடு வந்தது. பக்கவாட்டிலிருந்து, அதுவும் ஓரக்கண்ணால் மட்டுமே நான் பார்த்திருந்த மாடு. முன்னங்கால் சும்மா நடந்தது. பின்னங்கால்தான் நடித்தது. கிழவி பொய் சொன்னபோது ஒரு குளம்பு மெதுவாகத் தரையைத் தட்டியது. ஜெம்மா அழுதபோது பின்கால்கள் இரண்டும் கொஞ்சம் மடிந்து, அவள் பக்கம் ஓரடி நகர்ந்தன. பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைத் துடைத்தாள். ஊர் ஜனம் இத்தனை வருஷம் எதைப் பார்க்க வந்தது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள், என்னைத் தவிர.

மணி அடித்தது. ஐரிஸ் வெளியே வந்தாள்.

"பின்னங்காலாவே வளர்ந்தேன் ஏழு வருஷம்," என்றாள். "முன்னே வந்து நிக்கிறேன், பாரம்மா..."

சொல்லிக்கொண்டே ஓரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே பெவர்லி. ஐரிஸின் முகம் வாடிப்போயிற்று. மீதி வரவில்லை. நான் எங்கேயோ எழுந்து போய்விட்டதாக நினைத்திருப்பாள்.

எங்கள் கூத்தில் ஜனங்கள் கத்துவது சகஜம். ஆனால் நான் ஒரு நாளும் கத்தியவளில்லை, கிசுகிசுத்தே பழக்கம். எழுந்து நின்றேன்.

"இங்க இருக்கேன் ஐரிஸ்! நாலாவது வரிசை! பாத்துட்டேன்டி, நீ நல்லா இருக்க! உன்னை அழிச்சது என் தப்பு!"

மண்டபம் முழுக்கத் திரும்பியது. இதுவும் நாடகத்தில் உண்டு என்று நினைத்துச் சிலர் கைதட்டினார்கள். ஐரிஸ் கையை நெற்றிக்குக் குறுக்கே வைத்து, விளக்குகளைத் தாண்டி என்னைத் தேடிப் பிடித்தாள். அவள் உதடு துடித்தது. இருந்தாலும் அவள் மேடைக்காரி.

"ஏழு வருஷம் லேட்டும்மா," என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "சரி, உக்காரு. பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது."

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன், அவள் மேல் வைத்த கண்ணை மட்டும் எடுக்கவில்லை. சிரிப்பு அடங்கும் வரைக்கும் அவளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சமிருந்த இரண்டு சொல்லையும் நிதானமாகச் சொல்லி முடித்தாள்.