அஞ்சாவது சிலிண்டர்

"மூணாவதைத் தவிர எல்லா ஸ்பார்க் பிளக்கையும் மாத்திட்டேன் அண்ணி!"

"மாத்தி? இன்னும் திக்குதே."

திக்கத்தான் செய்தது. கொட்டகையில் நின்ற அந்தக் காலத்துப் பிக்கப், நாலு துடிப்பில் ஒன்றை விழுங்கிவிட்டுக் குலுங்கியது. ஏழெட்டு வீடியோ பார்த்த தெம்பில் தன்னை இன்ஜின் டாக்டராகவே நம்பிவிட்ட கொழுந்தன், காலையிலிருந்து வியர்வை சொட்டச் சொட்ட வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தான். மதியம் பழைய இரும்புக்காரர் வருவார். அதற்குள் வண்டி சீராக ஓடினால், அண்ணியின் நாற்றுப்பண்ணைச் செடிகளை ஏற்றும் வேலை வண்டிக்கு, ஓட்டும் வேலை இவனுக்கு. இல்லையென்றால் வண்டி எடைக்கு, இவன் பழையபடி சோஃபாவுக்கு.

"மூணை ஏன் விட்ட?"

"வண்டி ஓடும்போதே ஒவ்வொரு பிளக் வயரா கழட்டிப் பாத்தேன். மத்ததைக் கழட்டினா சத்தம் இறங்கி இன்ஜின் நிக்கப் பாக்குது. மூணைக் கழட்டினா சத்தம் கொஞ்சம்கூட மாறல. தங்கமான சிலிண்டர் அண்ணி அது!"

அண்ணி கை மண்ணைத் தட்டிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் ரெண்டு நாள் ஊருக்குப் போனா இந்த வீடு என்ன ஆகும்?"

"அடுப்பே எரியாது."

"உங்க அண்ணன் போனா?"

"மோட்டார் போட ஆளிருக்காது. குழாய்ல காத்துதான் வரும்."

"நீ போனா?"

அவன் கண் மூன்றாவது வயருக்குப் போனது. அடப்பாவி! எடுத்தாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், அதுதானே வேலையே செய்யாதது!

இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, அந்தப் பிளக்கைக் கழற்றினான். வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல். போன வாரம் சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று அதைத் தரையில் நழுவவிட்டு, ஊதித் துடைத்து, யாரும் பார்க்கவில்லை என்று மாட்டியதும் இந்த டாக்டரேதான். தங்கத்துக்கு எதற்கு என்று ஒதுக்கி வைத்திருந்த கடைசிப் புதுப் பிளக்கை மாட்டி முடுக்கி, சாவியைத் திருகினான். திக்கல் போயே போச்சு.

வாசலில் இரும்புக்காரர் ஹாரன் அடித்தார்.

"வண்டியைக் கொடுக்கலைங்க," என்றாள் அண்ணி. "நாலு சிலிண்டரும் வேலை செய்யுது. அஞ்சாவதா ஒண்ணு இருக்கு, அதை வேணா எடை போடுறீங்களா?"

இரும்புக்காரர் திரும்பி இவனைப் பார்ப்பதற்குள், இவன் பாய்ந்து போய் ஒரு செடித்தொட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டான். அடுத்தது. அதற்கடுத்தது.

நீங்களே சொல்லுங்கள், இப்போது இவனைக் கழற்றினால் சத்தம் மாறுமா, மாறாதா?